டிஸ்க்கில் முன் பக்கம் யாருக்கு?

போன சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு நான் ஒரு பட்டனை அழுத்தினேன். அதை அழுத்தியிருக்கக் கூடாது என்பது ஒன்பது மணிக்குத்தான் தெரிந்தது.

நீங்கள் பழைய வாசகராக இருந்தால் அடுத்து என்ன வரும் என்று ஊகித்திருப்பீர்கள். ஓம்... மறுபடியும் யாரோ ஒருவருடைய கொம்பியூட்டர்தான். என் லெப்டொப்பின் கீபோர்டை நானே கழற்றி மாற்றிய வீரக் கதையை ஒரு தடவை இங்கே எழுதித் தொலைத்தேன். அன்றிலிருந்து எங்கள் ஊர் குறிஞ்சிப்பிட்டியில் எவருடைய மெஷின் மக்கர் பண்ணினாலும் என் வீட்டு கேற்றைத்தான் தட்டுகிறார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்?

இந்தத் தடவை தட்டியவர் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருக்கிற, எனக்கு அக்கா மாதிரியான ஹசீனா ராத்தா. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பம். அப்போது அவருக்குப் பத்து வயது. இப்போது இந்தப் பக்கத்தில் அபாயா அங்கிக்கு எம்ப்ரொய்டரி என்றால் அவர்தான். கணவர் கட்டாரில் வேலை. வீட்டின் முன் அறையில் ஒரு எம்ப்ரொய்டரி மெஷின், அதன் பக்கத்தில் ஒரு பழைய லெப்டொப். ராத்தா லெப்டொப்பில் பூவைக் கீறுவார், மெஷின் அதைத் துணியில் தைக்கும்.

மகள் ஷிஃபானாவுக்குப் பத்தொன்பது வயது. வீட்டிலிருந்தே படிக்கிற புரோகிராமிங் கோர்ஸ் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை முதல் வகுப்பு. அதற்கு லினக்ஸ் என்கிற சிஸ்டம் வேண்டுமாம். வீட்டில் இருப்பதோ ஒரேயொரு லெப்டொப், அதில் இருப்பது விண்டோஸ்.

விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸைப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். முடியாது. ராத்தாவின் எம்ப்ரொய்டரி மென்பொருள் அந்தப் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். மெஷினை ஒருவரிடமிருந்து பழசாக வாங்கியபோது கூட வந்த சீடி எப்போதோ தொலைந்துவிட்டது. அழித்தால் திரும்பப் போட வழியில்லை. ஹஜ் பெருநாளுக்குப் பதினெட்டு அபாயா தைத்துக் கொடுக்க வேண்டும். ஆகவே இரண்டும் ஒரே லெப்டொப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

இருக்கலாம். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு துண்டைப் பிரித்து எடுத்து, அதில் லினக்ஸைப் போட்டால் போதும். கொம்பியூட்டரை ஒன் பண்ணும்போது எது வேண்டும் என்று அது கேட்கும். தேவையானதைத் தெரிவு செய்யலாம்.

இதை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையே இல்லை. எங்களில் பல வீடுகளில், மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர் எழும்பும். முன் பக்கம் — ஹோல், நல்ல அறை, வாசல் — எல்லாம் மகளுக்கும் மருமகனுக்கும். உம்மாவும் வாப்பாவும் குசினிப் பக்கம் ஒதுங்கிக்கொள்வார்கள். இதை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மகளுக்குப் பின் பக்கத்தைக் கொடுத்த உம்மா ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

பிரச்சினை இங்கேதான் ஆரம்பித்தது.

ராத்தாவின் டிஸ்க்கில் ஏற்கனவே இரண்டு பகுதிகள். சி ட்ரைவில் விண்டோஸும் எம்ப்ரொய்டரி மென்பொருளும். டி ட்ரைவில் அவருடைய டிசைன்கள், கல்யாண போட்டோக்கள், கட்டாரிலிருந்து வந்த வீடியோக்கள். டி தான் பெரியது, ஆகவே அதில்தான் இடம் எடுக்க வேண்டும். விண்டோஸிலேயே அதற்கு ஒரு வசதி இருக்கிறது. எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொன்னால், டி-யின் கடைசியிலிருந்து அந்தளவை வெட்டித் தரும். கடைசியிலிருந்து மட்டும்தான். திரையில் அந்தப் படத்தைக் காட்டினேன். நீளமான ஒரு பெட்டி, அதன் வலது ஓரத்தில் ஷிஃபானாவுக்கு ஒரு துண்டு.

ராத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“தம்பி, குமருக்குப் பின் பக்கமா குடுக்கிறீங்க?”

அது வெறும் படம்தான், டிஸ்க்கில் முன்னும் பின்னும் ஒன்றுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், நாளைக்கு அவளும் குமராகக் கல்யாணத்துக்கு நிற்பாள். எனக்கும் அது மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது! ஷிஃபானா மட்டும், “எங்க இருந்தா என்ன மாமா?” என்று முனகினாள். பெரியவர்கள் நாங்கள் இருவரும் அதைக் கணக்கெடுக்கவில்லை.

விண்டோஸ் முன் பக்கத்தை வெட்டித் தராது. ஆனால் லினக்ஸ் போடுவதற்கு நான் கொண்டுபோன பென் ட்ரைவில் வருகிற கருவி தரும். அதில் பெட்டியின் இடது ஓரத்தைப் பிடித்து வலப் பக்கம் இழுக்கலாம். பென் ட்ரைவைப் போட்டு லெப்டொப்பை ஒன் பண்ணி, டி-யின் இடது ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். முன் பக்கத்தில் அழகாக ஒரு வெற்றிடம் வந்தது. ராத்தாவின் முகத்தில் திருப்தி.

அந்தக் கருவி ஒரு எச்சரிக்கை காட்டியது. நீளமாக ஏதோ எழுதியிருந்தது. எச்சரிக்கைகளை வாசித்துவிட்டா நாங்கள் ஓகே அழுத்துகிறோம்?

இருந்தாலும் நான் அவ்வளவு பொறுப்பில்லாதவன் அல்ல. அழுத்துவதற்கு முன்னால் கேட்டேன், டிசைன் எல்லாவற்றுக்கும் கொப்பி இருக்கிறதா என்று. எல்லாம் இரண்டு இரண்டாக வைத்திருப்பதாக ராத்தா சொன்னார். நிம்மதியாக அழுத்தினேன்.

கடைசியிலிருந்து வெட்டினால் பெரும்பாலும் சில நிமிட வேலை. முன் பக்கத்திலிருந்து வெட்டினால் கதை வேறு. உள்ளே இருக்கிற சாமான் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்னால் நகர்த்தி அடுக்கிவிட்டுத்தான் முன் பக்கத்தைக் காலியாக்க முடியும். அந்த வேலை நடக்கும்போது பாதி சாமான் பழைய இடத்தில், பாதி புதிய இடத்தில். நடுவில் நின்றால் எது எங்கே என்று லெப்டொப்புக்கே தெரியாது. அந்த நீளமான எச்சரிக்கை இதைத்தான் சொல்லியிருக்கிறது. மீதி நேரம் இரண்டு மணி ஐம்பது நிமிடம் என்று திரையில் வந்தபோதுதான் நான் அதை மனசுக்குள் வாசித்தேன்.

சும்மா பேச்சுக்குக் கேட்டேன், அந்தக் கொப்பி எங்கே இருக்கிறது என்று.

“டி-யிலதான் தம்பி. கொப்பி என்டு பேர் போட்டுத் தனியா ஒரு ஃபோல்டர். பத்திரமா இருக்கு.”

டி-யில். நான் இப்போது சாமான் நகர்த்திக்கொண்டிருக்கிற அதே டி-யில்!

ராத்தாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. விண்டோஸ் பழுதானால் சி-யைத்தான் அழிப்பார்கள், டி-யில் போட்டது தப்பிக்கும் என்று பதினைந்து வருடமாக ரிப்பேர் கடைக்காரர் எல்லோரும் சொல்லிச் சொல்லி, டி ட்ரைவ் என்றால் பூட்டுப் போட்ட அலுமாரி என்று நாங்கள் நம்பிவிட்டோம். சி-யும் டி-யும் ஒரே தட்டில் கோடு போட்டுப் பிரித்த இரண்டு பக்கம்தான் என்று எவர் சொன்னார்?

ஷிஃபானாவுக்கு விளங்கிவிட்டது. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். நான் அவளைப் பார்த்து, பரவாயில்லை, கரண்ட் நிற்காவிட்டால் எல்லாம் சரியாகும் என்பது போலத் தலையாட்டினேன்.

ஒன்பது இருபதுக்குப் பள்ளிவாசல் ஸ்பீக்கர் கரகரத்தது. தென்மேற்குக் கச்சான் காற்றுக்கு முறிந்த மரக்கொப்புகளைக் கம்பிகளில் இருந்து வெட்ட வேண்டியிருப்பதால், எங்கள் பகுதியில் பத்து மணி முதல் பின்னேரம் வரை மின்சாரம் நிற்குமாம்.

லெப்டொப்பின் பட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஷிஃபானாவிடம் கேட்டேன். பத்து நிமிடம் என்றாள். திரையில் மீதி இரண்டு மணி பதினைந்து நிமிடம்.

நிறுத்தலாமா? முடியாது. நடுவில் நிறுத்துவதும் கரண்ட் போவதும் டிஸ்க்குக்கு ஒன்றுதான். வேறு வழியில்லாமல் ராத்தாவிடம் உண்மையைச் சொன்னேன். எல்லாம் போகலாம், இரண்டு கொப்பியும் சேர்த்து. சொல்லும்போது எனக்கு அழுகை வராத குறை. அவர் என் மேல் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கதிரையில் மெல்ல உட்கார்ந்து, மெஷினில் பாதி தைத்து நின்ற ஒரு அபாயாக் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்த டிசைன்களைப் பற்றி நான் சொல்லவில்லை. ராத்தா அவற்றுக்கு நம்பர் போடுவதில்லை. எந்தப் பிள்ளைக்கு முதலில் கீறினாரோ அந்தப் பிள்ளையின் பெயர்தான் டிசைனின் பெயர். ருஸ்னா கை. பஸ்லியா கழுத்து. இர்ஃபானா பெரிய பூ. ஆறு வருடத்தில் ஊரில் நடந்த கல்யாணம் எல்லாம் அதற்குள் இருக்கிறது. அதைத்தான் நான், முன் பக்கம் அழகாக இருக்கும் என்று, அந்தரத்தில் தூக்கி வைத்திருந்தேன்.

ஷிஃபானா வெளியே ஓடினாள். பக்கத்து வளவு அன்ரனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அன்ரன் கடற்றொழில் செய்பவன். காற்றுக் காலமாதலால் போட் கரையில் கிடந்தது, அவனும் வீட்டில் இருந்தான். ராத்திரி மீன்பிடிக்கு வெளிச்சம் போடுகிற பெரிய பட்டரி ஒன்றும், அதிலிருந்து வீட்டுக் கரண்டைப் போலத் தருகிற ஒரு சின்ன இன்வேர்ட்டரும் அவனிடம் இருக்கின்றன. கரையில் மீன்பிடிக்காரர் தங்குகிற வாடியில் போன் சார்ஜ் பண்ணுவது அதில்தான். பட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, முன் அறைச் சீமெந்துத் தரையில் வைத்தான்.

நான் லெப்டொப்பின் வயரைக் கழற்றி அதில் செருகப் போனேன். அன்ரன் என் கையைப் பிடித்தான்.

“பொறுங்க நானா. முதல்ல பழுதானாலும் பரவாயில்லாத சாமானொன்டப் போட்டுப் பாப்பம்.”

மேசை விசிறியைச் செருகினான். சுற்றியது. நான் அவசரப்பட்டேன், அவன் அசையவில்லை. ஒரு நிமிடம் சுற்றிய விசிறி மெல்ல நின்றது. அன்ரன் பட்டரியின் முனையைத் திருகிப் பார்த்தான். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கேட்டலில் இருந்த சுடுதண்ணீரை வாங்கி ஊற்றி, தென்னந்தும்பால் தேய்த்து, துணியால் துடைத்து, வயரை இறுக்கிவிட்டு மறுபடியும் விசிறி. இந்தத் தடவை நிற்கவில்லை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “சரி, இப்ப போடுங்க” என்றான்.

அந்த ஐந்து நிமிடத்தில் எனக்கு வந்த வெட்கத்தை இங்கே எழுதிவிடுகிறேன். நான் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. பட்டரியைப் பார்க்கவில்லை, கொப்பி எங்கே என்று பார்க்கவில்லை, எச்சரிக்கையை வாசிக்கவில்லை. கடலுக்குப் போகிறவன் ஒரு மேசை விசிறியில் காட்டிய கவனத்தை, கொம்பியூட்டர் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிய நான் ஆறு வருட உழைப்பில் காட்டவில்லை.

வயரை மாற்றினோம். பத்து மணி என்று சொன்ன கரண்ட் ஒன்பது ஐம்பத்திரண்டுக்கே போனது. இந்த விஷயத்தில் மட்டும் எங்கள் நாட்டில் எதுவும் பிந்துவதில்லை!

விசிறி இல்லை, லைட் இல்லை. லெப்டொப்பின் திரை மட்டும் ஒளிர்ந்தது. நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேலை முடிந்தது நூற்றுக்கு நாற்பத்தொரு வீதம். நாற்பத்திரண்டு. அன்ரன் அடிக்கடி குனிந்து பட்டரியைத் தொட்டுப் பார்த்தான். ராத்தாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது, என்ன துஆ என்று எனக்குக் கேட்கவில்லை. நானும் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓதினேன்.

ஐம்பது வீதத்தில் ஷிஃபானா உடைந்துவிட்டாள். இந்தக் கோர்ஸ் வேண்டாம், வேறு ஏதாவது படிக்கிறேன், என்னால்தான் எல்லாம் என்று அழ ஆரம்பித்தாள். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். ராத்தா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“டிசைன் போனா போகட்டும் மகள். நான் திருப்பிக் கீறுவன், என்ட கை இருக்கு. மன்னாரால வரேக்க ஒரு பேக்தான் கொண்டு வந்தம். அதில என்ட பள்ளிக்கூடக் கொப்பி ஒன்டும் இல்ல. அதோட என்ட படிப்பு நின்டு போச்சு. உன்ட நிக்கக் கூடாது.”

அன்ரன் தலையைக் குனிந்துகொண்டு பட்டரி வயரை இறுக்குவது போலப் பாவனை செய்தான். அது ஏற்கனவே இறுகித்தான் இருந்தது.

பதினொன்று நாற்பதுக்கு நூறு வீதம். ஒரு பச்சை அடையாளம் வந்தது. டி-யைத் திறக்க எனக்குப் பயம், ஷிஃபானாதான் திறந்தாள். ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. பெயர்கள் மட்டும் இருந்து உள்ளே ஒன்றும் இல்லாமல் போவதும் உண்டு. ஆகவே பென் ட்ரைவைக் கழற்றி, விண்டோஸை ஒன் பண்ணி, அவருடைய மென்பொருளில் முதல் பைலைத் திறந்தோம். ருஸ்னா கை. கொடியும் ஏழு பூவும் அப்படியே திரையில் விரிந்தன. ராத்தா அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் தேத்தண்ணீர் வைக்கக் குசினிக்குப் போனார். அங்கே நின்று அழுதுவிட்டு வந்தார் என்று நினைக்கிறேன். கண் சிவந்திருந்தது, முகம் சிரித்தது.

லினக்ஸை உடனே போட ஷிஃபானாவுக்கு ஆசை. நான் விடவில்லை. பிந்தியாவது புத்தி வர வேண்டாமா? முதலில் டிசைன்கள் முழுவதையும் என் புதிய பென் ட்ரைவ் ஒன்றில் ஏற்றினோம். ராத்தா அதை வாங்கி, மெஷினுக்குப் பக்கத்து அலுமாரியில் வைக்கப் போனார். அன்ரன்தான் கேட்டான், மாரிக்கு இந்த வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்துதானே நனையும் என்று. போன மாரிக்கு முழங்கால் அளவு வந்தது. ஆகவே ஹசீனா ராத்தாவின் ஆறு வருடம் இப்போது மேட்டில் இருக்கிற அன்ரனின் வீட்டில், அவன் மனைவியின் கண்ணாடி அலுமாரியில், மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக இருக்கிறது.

பின்னேரம் கரண்ட் வந்த பிறகு, ஷிஃபானா தானே லினக்ஸைப் போட்டாள். முன் பக்கத்தில்தான், அவ்வளவு பாடுபட்டு எடுத்த இடமல்லவா! ஞாயிறு முழுக்க அதைப் பழகினாள். திங்கட்கிழமை முதல் வகுப்பில் உட்கார்ந்தாள்.

நீங்களும் இந்த வேலையில் இறங்குவதானால், என்னிடம் கேட்காதீர்கள். கேட்டே தீருவேன் என்று நின்றால் சொல்கிறேன். கொப்பியை வேறு டிஸ்க்கில், முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள். வைத்த கொப்பியை ஒரு தடவை திறந்தும் பாருங்கள். விண்டோஸை முழுசாக மூடிவிட்டு ஆரம்பியுங்கள், தூங்க வைத்துவிட்டு அல்ல. கரண்ட் நின்றால் என்ன செய்வது என்று முதலே யோசியுங்கள். வெட்டுவதைப் பின் பக்கத்திலிருந்து, விண்டோஸின் கருவியாலேயே வெட்டுங்கள். யாருடைய குமரும் கோபிக்க மாட்டாள்.

ஏனென்றால் டிஸ்க்கின் முன் பக்கத்தை எவரும் பார்க்கப் போவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற வாசல் ஒன்றுதான்: ஒன் பண்ணும்போது வருகிற அந்தப் பட்டியல். அதில் எது முதலில் நிற்க வேண்டும் என்பதை, டிஸ்க்கை வெட்டாமலே மாற்றலாம். லினக்ஸைப் போட்டால் வழக்கமாக அதுதான் முதலில் நிற்கும், விண்டோஸ் கீழே போகும்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் போனபோது ராத்தா என்னைக் கூப்பிட்டு லெப்டொப்பை ஒன் பண்ணிக் காட்டினார். பட்டியலில் சிஸ்டங்களின் பெயர் இல்லை. ஷிஃபானா வகுப்பில் படித்ததை வைத்துப் பெயரையும் வரிசையையும் மாற்றியிருக்கிறாள். ஆங்கில எழுத்தில் முதல் வரி: உம்மா. இரண்டாவது வரி: ஷிஃபானா. எவரும் ஒன்றும் அழுத்தாவிட்டால் பத்து செக்கனில் உம்மாவின் பக்கம் தானாகத் திறக்கும்.

நான் அந்த இரண்டு வரியையும் இன்னொரு தடவை வாசித்தேன். ராத்தாவும்தான். பிறகு வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“புள்ள புதன்கிழமை புத்தளத்துக்குப் போகுது தம்பி. அந்த நேரம் வந்து அவட பேர மேலுக்குப் போட்டுத் தாங்க.”

போனேன். போனதும் முதலில் அன்ரன் வீட்டுக் கதவைத்தான் தட்டினேன், அந்த பிஸ்கட் டின்னைத் திறந்து பென் ட்ரைவைக் காட்டச் சொல்லி.